வலிக்கல டாக்டர்

எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு உடம்பு வேண்டும். ஒன்று வேலை செய்வதற்கு, இன்னொன்று டாக்டரிடம் காட்டுவதற்கு. கல்லண்ணனிடம் இரண்டாவது உடம்பு மிக நன்றாக இருந்தது. முதலாவது உடம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் பம்ப்மேன். கப்பலின் வயிற்றில் நிரப்பிக் கொண்டுபோகும் எண்ணெயை ஏற்றவும் இறக்கவும் அடித்தளத்தில் பெரிய பம்புகளும், அவற்றைச் சுற்றி ஒரு காடு போலக் குழாய்களும் வால்வுகளும் இருக்கும். அந்தக் காட்டுக்கு அவர்தான் காவல். கல்லு என்ற பெயர் கப்பலில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை நீராவிக் குழாயில் முழங்கை பட்டுத் தோல் உரிந்து தொங்கியபோது, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த டீயை முழுதாகக் குடித்து முடித்தார். பார்த்தவர்கள் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். மனைவியின் தம்பி தன் போனில் அவர் எண்ணை 'கல்லு மாமா' என்றே பதிந்து வைத்திருந்தான்.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கு முன்னாலும் கப்பல்காரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. கிளினிக்கின் மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத படிப்பு அந்த வராந்தாவில் நடக்கும். ரத்த அழுத்தம் இருக்கிறவன் ஒரு வாரம் உப்பைத் தொடக்கூடாது. முட்டி 'டொக்'கென்று சத்தம் போடுகிறவன் குனியும்போது சரியாக அந்த நேரம் பார்த்து இருமிவிட வேண்டும். டாக்டர் முதுகை அழுத்தப் போகிறார் என்று தெரிந்தால் அவர் கை வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட வேண்டும், ஏனென்றால் வலித்த பிறகு ஆரம்பிக்கிற சிரிப்பு கோணலாக வரும். "வலிக்குதா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் "வலிக்கல டாக்டர்" என்ற பதில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். யோசிக்கிறவனுக்குக் கப்பல் கிடையாது. கிளினிக் டாக்டரும் ஒன்றும் பால்குடிக் குழந்தையல்ல. அவருக்கும் எல்லாம் தெரியும். கப்பலுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கப்பல் வேண்டும், நடுவில் அவருக்கு மட்டும் எதற்குப் பொல்லாப்பு?

இப்படிப் பல வருஷம் பழகிப் பழகி, கல்லண்ணனின் நாக்கு மூளையைக் கேட்காமலேயே பதில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தது.

அவர் விழுந்தது ஒரு சாதாரணக் காலையில். பம்ப் அறை கப்பலின் அடிமட்டத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரவே ஏணி ஏணியாக இறங்க வேண்டும். ஒரு வால்வு இறுகிப் போய் அசைய மறுத்தது. வால்வைத் திருகும் நீளமான இரும்புச் சாவியை மாட்டி மேடையில் நின்று முழு பலத்தோடு இழுத்தார். காலடித் தகட்டில் எண்ணெய்க் கசிவு. கசிகிறது, சரி பண்ணுங்கள் என்று அவரே பலமுறை சொன்ன கசிவுதான். சாவி நழுவியது, கால் வழுக்கியது, ஆள் பின்பக்கமாகப் பறந்து கீழே இருந்த குழாயின் மேல் வலது தோளால் இறங்கினார். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவருக்கே கேட்டது.

எழுந்து என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மறுபடி மேடையேறி இடது கையால் அந்த வால்வைத் திறந்தார். பிறகு ஒற்றைக் கையால் ஏணிகளில் ஏறி மேலே வந்து, குளித்து, சட்டை மாற்றி, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிட்டார். கப்பலின் சமையல்காரர்தான் கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையில் இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாயை எட்ட முடியாமல் திண்டாடிய கல்லண்ணனைப் பார்த்து, "ஏண்ணே, கை மாத்தி சாப்பிடச் சொல்லி ஜோசியக்காரன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார். பிறகு தோளைத் தொட்டார். கல்லண்ணனின் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு நேராக அதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

கேப்டன் அறிக்கை எழுதினார். ஊழியர் கவனக்குறைவால் வழுக்கி விழுந்தார் என்றிருந்தது. எண்ணெய்க் கசிவுக்கு அதில் இடமில்லை, பாவம்.

ஊர் வந்து இறங்கியபோது விமான நிலைய வாசலில் ஒரு சக்கர நாற்காலியும் ஒரு பழக்கூடையும் காத்திருந்தன. இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்தவர் கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி. "நாமெல்லாம் ஒரே குடும்பம்ணே" என்று மூச்சுக்கு ஒருமுறை சொல்வதால் கப்பல்காரர்கள் வட்டாரத்தில் அவருக்குக் குடும்பம் சார் என்று பெயர். அடிபட்டது தோளில்தான், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று கல்லண்ணன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் எழுந்து நடக்க விட்டார்.

சட்டம் கல்லண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும்வரை கம்பெனி செலவில் வைத்தியம். அதுவரை சம்பளம். இனி கடல் வேலைக்கே லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் நஷ்ட ஈடு. யார் தவறு என்ற கேள்விகூட வேண்டாம், வேலையில் அடிபட்டால் போதும். ஒரே ஒரு சின்ன விஷயம். குணமாகிவிட்டதா இல்லையா என்பதை முதலில் சொல்ல வேண்டியவர் கம்பெனி டாக்டர். திருடு போன வீட்டுக்காரன் புகார் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் திருடனின் சித்தப்பாவிடம்தான் கொடுக்க வேண்டும் என்கிற மாதிரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி டாக்டர் அவரை ஏமாற்றவில்லை. ஏமாற்ற வேண்டிய சிரமத்தைக்கூட கல்லண்ணன் அவருக்கு வைக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. உடற்பயிற்சி நடந்தது. மாதங்கள் போயின. கை தோள் உயரத்துக்கு மேல் போக மறுத்தது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சட்டைக்குப் பட்டன் போட்டு விடுவது மனைவிதான். கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. அதே கிளினிக், அதே மாடி, அதே பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்..."

"வலிக்கல டாக்டர்," என்றார் கல்லண்ணன், சிரித்த முகத்தோடு.

கையைத் தூக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். எங்கேயோ ஒரு எலும்பு கீச்சென்றது, சரியான நேரத்தில் இருமினார். டாக்டர் மகிழ்ச்சியோடு, கடல் வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கல்லண்ணன் பரீட்சையில் தேறிவிட்ட பையனைப் போல வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்பே அலறும் ஆட்களைத் தினமும் பார்க்கிறவள். அவள் சான்றிதழைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னங்க இது? கை தூக்க முடியலைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"தூக்கிட்டேனே."

"எப்படி?"

"கொஞ்சம் சமாளிச்சேன்."

"யாருக்காகச் சமாளிச்சீங்க? எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. பஞ்சு வச்சாலே ஊரக் கூட்டுறாங்க. உங்களுக்குத் தோள் அறுந்து தொங்குது, நீங்க அவருக்குச் சிரிச்சுக் காட்டிட்டு வந்திருக்கீங்க."

உண்மையில் அந்த அறையில் இருந்தபோது அவர் நஷ்ட ஈடு கேட்டுப் போன ஆள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. கப்பல் கேட்டுப் போன ஆளாகத்தான் நின்றார்.

மச்சான்தான் வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனான். மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்பதால் உலகத்தில் எல்லாச் சட்டமும் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை உள்ளவன். வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கட்டுக்கட்டான பைல்களுக்கு நடுவில் அவர் தலை மட்டும் தெரிந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கிட்ட வர்ற கப்பல்காரங்கள்ல பாதிப்பேர் இந்தக் கதைதான் சொல்றாங்க. கம்பெனி வக்கீலுக்கு வேலையே இல்ல. நீங்களே அவங்களுக்கு சாட்சி சொல்லிட்டு வர்றீங்க."

"அப்ப பொய் சொல்லிட்டேன்னு ஒத்துக்கவா மேடம்?"

"வாயத் திறக்காதீங்க. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்னு நீங்க ஒத்துக்கிட்டா, இதுக்கு முன்னாடி எத்தன பொய் சொன்னேன்னு கேப்பாங்க. பழைய நோவ மறைச்சு வேலைக்குச் சேந்தவனுக்கு நஷ்ட ஈடு கிடையாதுன்னு அதே ஒப்பந்தத்துல இன்னொரு வரி இருக்கு."

கல்லண்ணன் மனதுக்குள் பழைய நோவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிக்காமலேயே நிறுத்திக்கொண்டார்.

வழி ஒன்று இருந்தது. அவர் தன் சொந்த டாக்டரிடம் பார்க்கலாம். கம்பெனி டாக்டரும் சொந்த டாக்டரும் வேறு வேறு மாதிரி சொன்னால், இரு தரப்பும் சேர்ந்து மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு. அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. சொந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, தசைநார் சரியாகச் சேரவில்லை, இந்தக் கையை நம்பி ஏணி ஏறக்கூடாது என்று எழுதித் தந்தார். ஆகவே மூன்றாவது டாக்டர். ஸ்கேன் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் தோளைத் தொட்டு அழுத்திக் கேட்கத்தான் செய்வார், அப்போது மட்டும் திருவாய் மலர்ந்து உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று வக்கீலம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. கல்லண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து மச்சான் டாக்டர் வேஷம் கட்டினான். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் போன் சார்ஜர்.

"வலிக்குதா?"

"வலிக்கல டாக்டர்."

"மாமா, நான்தான் மாமா."

"வாயில வருதுடா. என்ன பண்ணச் சொல்ற?"

"கொஞ்சம் நடிங்க மாமா. முகத்தச் சுளிங்க. 'அம்மா'ன்னு ஒரு சத்தம் குடுங்க."

இதுதான் விசித்திரம். உண்மையிலேயே வலிக்கிற ஆளுக்கு, வலிப்பது போல நடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. கல்லண்ணன் முயற்சி செய்தார். அவர் முகத்தைச் சுளித்தால் தும்மப் போகிற மாதிரி இருந்தது. 'அம்மா' என்றது யாரையோ வாசலில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கணவன் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி போன பிறகு கேட்டாள். "இது பழக்கமா, இல்ல ஆசையா?"

"எது?"

"வலிக்கலைன்னு சொல்றது."

அவர் ஸ்டூலை இடது கையால் தூக்கி ஓரமாக வைத்தார். அதுவே அவளுக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் நஷ்ட ஈட்டைவிடக் கப்பல்தான் வேண்டியிருந்தது. கடல் காற்று, அலை, அஸ்தமனம் என்று கவிதை எழுதுகிறவர்கள் யாரும் பம்ப் அறையில் வேலை பார்த்ததில்லை. அங்கே நாற்றம், சூடு, இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலில் எந்தப் பம்ப் எப்படி உறுமுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரிந்தவர் என்பதைத் தவிர அவருக்கு மரியாதை எதுவும் இல்லை.

அந்த ஆசை பொல்லாதது. யாரிடமும் சொல்லாமல் அவர் சான்றிதழை எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். தகுதியானவர் என்று அவர்கள் டாக்டரே எழுதியிருக்கிறாரே, கப்பல் கொடுத்துவிட்டால் வழக்கும் வேண்டாம், மூன்றாவது டாக்டரும் வேண்டாம் என்று கணக்குப் போட்டார். வக்கீலம்மாவுக்குத் தெரிந்திருந்தால் ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்தே குதித்திருப்பார்.

குடும்பம் சாரின் அறையில் ஏசி குளிர்ந்தது. சுவரில் சிரித்த முகத்தோடு தலைக்கவசம் போட்ட கப்பல்காரனின் படம். பாதுகாப்பே முதல் என்று கீழே எழுதியிருந்தது.

"என்னண்ணே, வழக்கு கிழக்குன்னு கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமா போச்சு. குடும்பத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கு?"

"அதான் சார், வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்குக் கப்பல் குடுங்க. உங்க டாக்டரே தேறிட்டேன்னு எழுதியிருக்காரு."

குடும்பம் சாரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் வேறு வேலையாகப் போயின. "வாபஸ் வாங்குங்கண்ணே, ரொம்ப சந்தோஷம். ஆனா கப்பல்... இப்போதைக்கு இடம் இல்லண்ணே."

"நேத்துதான் பம்ப்மேன் வேணும்னு வாசல்ல ஒட்டியிருந்தீங்க."

"அதுக்கு ஏணி ஏறணும்ல. இந்தக் கையோட உங்கள எப்படிண்ணே அனுப்புவேன்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? ரெஸ்ட் எடுங்க."

கல்லண்ணன் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். நஷ்ட ஈடு கேட்டால் ஆள் தேறிவிட்டான். கப்பல் கேட்டால் ஆள் தேறவில்லை. ஒரே தோள், ஒரே கம்பெனி, ஒரே சான்றிதழ். இவ்வளவு நாள் தான் சொன்ன பொய்யைக் கம்பெனி நம்புகிறது என்றுதான் நினைத்திருந்தார். ஒருவனும் நம்பியதில்லை. வசதியாக இருந்த வரைக்கும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. 'ஒண்ணுமில்ல' என்று டீ குடித்த அந்தப் பெருமைக்காரனை நினைத்து வெட்கம்.

"உங்க பையன் எப்படி சார் இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான்ணே. ஏன்?"

"இல்ல, குடும்பம்னு சொல்றீங்களே. அவனுக்கு அடிபட்டாலும் இப்படித்தான் பாப்பீங்களான்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டு வந்தது நல்லதுதான். இல்லன்னா சாகற வரைக்கும் கப்பல் குடுத்திருப்பாங்கன்னே நினைச்சுக்கிட்டு இருப்பீங்க."

மூன்றாவது டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். கம்பெனி தரப்பில் ஒரு ஆள் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். கல்லண்ணன் இடது கையால் பட்டனோடு போராடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்கல டாக்டர்."

சிரிப்புகூட வந்துவிட்டது. மூலையில் இருந்த ஆள் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். கல்லண்ணனுக்குத் தன் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது. டாக்டர் நாற்காலிக்குத் திரும்பப் போனார்.

"டாக்டர், இருங்க."

டாக்டர் நின்றார்.

"இன்னொரு தடவ கேளுங்க."

"என்ன?"

"அதே கேள்விய. கொஞ்சம் மெதுவா கேளுங்க."

டாக்டர் மூலையில் இருந்த ஆளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தார். "வலிக்குதா?"

கல்லண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மச்சான் சொல்லிக்கொடுத்த சுளிப்பு எதுவும் முகத்தில் வரவில்லை. "வலிக்குது," என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "ரொம்ப வலிக்குது டாக்டர். ராத்திரி தூக்கமில்ல. பட்டன் போட முடியல. விழுந்த அன்னைக்கே வலிச்சுது."

"அவர் இப்பதான் வலிக்கலைன்னு சொன்னார்," என்றார் மூலையில் இருந்த ஆள்.

"காது எனக்கும் கேக்குது," என்றார் டாக்டர். "ஸ்கேனும் கண்ணுக்குத் தெரியுது."

கையைப் பல பக்கம் திருப்பிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் கேட்டார், கல்லண்ணன் ஒவ்வொரு தடவையும் யோசித்துப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்து டாக்டர் மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். எழுதாமல் நிமிர்ந்தார்.

"நான் எழுதப் போறது கடைசி வார்த்தை, தெரியும்ல? அவங்களாலயும் மாத்த முடியாது, உங்களாலயும் மாத்த முடியாது. இனி எந்தக் கம்பெனியும் உங்கள ஏத்தாது."

"தெரியும் டாக்டர்."

டாக்டர் எழுதினார். கல்லண்ணன் சட்டையை மேலே போட்டுக்கொண்டு பட்டன் போடாமலேயே வெளியே வந்தார். வராந்தாவில் மனைவி எழுந்து நின்றாள். முதல் காரியமாக அவர் பட்டனைப் போட்டுவிட்டபடியே கேட்டாள். "என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம்."

"என்ன எழுதினார்னு சொல்லுங்க."

"எந்தக் கப்பலுக்கும், எந்தக் காலத்துலயும் லாயக்கில்லாத ஆளுன்னு எழுதியிருக்கார். கம்பெனி ஒத்துக்கிட்டே ஆகணும். இனிமே நானும் ஒத்துக்கிட்டே ஆகணும்."

அவள் கடைசிப் பட்டனையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.